தூங்குமூஞ்சியை எழுப்பியவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. நான் நலம், அக்கா நலம், வாசலில் நிற்கும் நம் தூங்குமூஞ்சி வண்டியும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அக்கா பின்னி அனுப்பிய மப்ளர் வந்து சேர்ந்ததா? அதை நீங்கள் இந்நேரம் வண்டி துடைக்கிற துணியாக்கியிருப்பீர்கள் என்று அக்காவுக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை.

இதுவரை ஓட்டியதிலேயே எந்த வண்டி உசத்தி என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் கேட்டால் எப்படி? புது வண்டிகளை யார்டிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுவதுதானே என் பிழைப்பு. மாதத்துக்கு ஒரு வண்டிமேல் காதல் வருகிறது, சாவியைக் கொடுத்ததும் முறிந்துபோகிறது.

இருந்தாலும் சொல்கிறேன். போன வாரம் ஒரு இரண்டு கதவு வண்டி வந்தது. சிவப்பு. நான் வைத்த பெயர் 'மிளகாய்'. ஆற்றோரச் சாலையில் இரண்டாவது கியரில் காலை லேசாக அழுத்தினேன். போகலாமா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. ஷோரூம் மேனேஜர், "என்னப்பா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றார். "தூசி சார்" என்றேன்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து நம் தூங்குமூஞ்சியை எடுத்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்காரலாம். அப்புறம்தான் அசைகிறது. அக்காவிடம் சொன்னால், "எனக்கு இது போதும்டா. பன்னிரண்டு வருஷமா ஒரு கீறல் விழாம ஓட்டறேன். நீ உன் மிளகாயைத் தின்னுட்டுக் கிட" என்கிறாள்.

அவளுக்குப் புது விடுதி ஒன்றில் எல்லா ஜன்னல்களுக்கும் திரை தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. துணி உருளைகளைப் பின்சீட்டில் அடைத்து, கம்பிகளை மேலே கட்டிக்கொண்டு தினமும் போய் வருகிறாள். உங்கள் பட்டியலையும் எழுதுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

சுகமாக இருக்கிறேன். முதுகு காலையில் வலிக்கிறது, சம்பள நாளில் வலிப்பதில்லை. மப்ளர் கழுத்தில்தான் இருக்கிறது என்று உன் அக்காவிடம் சொல்லிவிடு. ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் பட்டதைச் சொல்லாதே.

இந்த அணைக்கட்டில் வண்டிக் கொட்டகைக்கு நான் பொறுப்பாளி. அதனால் உன் மிளகாயைவிட உசத்தியான வண்டிகளையெல்லாம் கழுவியிருக்கிறேன். ஓட்டியதில் உசத்தி பெரிய இஞ்சினியருடைய நீளமூக்கு வண்டி. பிரேக் சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி மலை இறக்கம் வரை ஒரு சுற்றுப் போனேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு சுற்றுத் தேவைப்பட்டது.

ஆனால் நம் வண்டியை இளக்காரமாகப் பேசாதே. அது தூங்குகிற வண்டியில்லை, தூங்க வைத்திருக்கிறார்கள். நீ ஸ்டியரிங் பிடிக்கிறவன், பானெட்டைத் திறந்தால் எது எங்கே என்று தெரியாது. அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டர் கேபிள் போய்ச் சேருகிற இடத்தில் கார்புரேட்டர் பக்கமாக ஒரு சின்ன லீவர் இருக்கும். அதில் இரண்டு ஓட்டைகள். கேபிளின் பின் வெளி ஓட்டையில் மாட்டியிருக்கும். அதை எடுத்து உள் ஓட்டையில் மாட்டு. பெடல் கொஞ்சம் இறுகும். ஆனால் பாதி மிதித்தாலே முழுதும் திறக்கும். அப்புறம் பார், அது யார் என்று.

நானே செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஜூனில் லீவில் வருவதற்குள் நீ எழுப்பி வை. உன் அக்காவிடம் மூச்சு விடாதே. 'ஓடற வண்டில ஏன் கை வைக்கறீங்க' என்று ஆரம்பித்துவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. யார்டு வேலையில் சாயங்காலம் கண்ணுக்கு ஓய்வு கொடு.

அன்புடன்
அத்தான்


மார்ச் 8

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

எழுப்பிவிட்டேன்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்றது. நீங்கள் சொன்ன லீவர், நீங்கள் சொன்ன இரண்டு ஓட்டைகள். பின்னைக் கழற்றும்போது கீழே விழுந்து, வண்டிக்கடியில் படுத்துத் தேடினேன். சட்டையெல்லாம் எண்ணெய். மாட்டி முடித்து, பெட்ரோல் போடப் போவதாகச் சொல்லி எடுத்தேன்.

அத்தான், இது நம் வண்டிதானா? பழைய மில் சாலையில் வாயில் ஈ போவது தெரியாமல் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். பன்னிரண்டு வருஷமாக இதை இப்படி அடைத்து வைத்திருந்தது பாவம். என் பட்டியலில் இப்போது மிளகாய்க்கு அடுத்த இடம் இதற்கு.

அக்காவிடம் சொல்லவில்லை. நாளைக் காலை விடுதிக்குப் போவாள். காலை வைத்ததும் அவளுக்கே தெரிந்துவிடும். சாயங்காலம் வந்து, "என்னடா பண்ணினே, பறக்குது!" என்று கேட்பாள். அந்த முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

முதுகுக்குச் சூடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்


மார்ச் 14

என்னங்க,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு அடி எதுவும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது பயப்பட வேண்டாம்.

திங்கட்கிழமை வண்டியை இடித்துவிட்டேன். மருந்துக்கடை மேடு உங்களுக்குத் தெரியும். அங்கே நின்று கிளம்பினேன். எத்தனை வருஷமாகக் கிளம்புகிற மேடு. வழக்கம்போல மிதித்தேன், வண்டி வரமாட்டேன் என்றது. கொஞ்சம் சேர்த்து மிதித்தேன். அவ்வளவுதான் தெரியும். நடைபாதையில் ஏறி, நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளை நசுக்கி, மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவில் போய் நின்றது. சைக்கிள்காரர் நிறுத்திவிட்டுப் பூட்டுச்சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே ஓரெட்டு விலகியிருந்தார். அந்த ஓரெட்டு இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நான் எங்கிருந்து எழுதியிருப்பேனோ தெரியாது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரரிடமும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார். "வண்டில ஒரு குத்தமும் இல்லம்மா. பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிருப்பீங்க. வயசாகும்போது வர்றதுதான்" என்றார். எனக்கு நாற்பத்தாறு. ஆனாலும் மிதித்தது நான்தானே.

தம்பிதான் பாவம். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவனே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. என்மேல் அவனுக்கு இவ்வளவு உயிர் என்று எனக்கே தெரியாது.

சாவியை அலமாரியில் போட்டுவிட்டேன். குளியலறைக் குழாய் வேறு சொட்டுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தையல்


ஏப்ரல் 2

என் அன்புத் தையலுக்கு,

நலம். உன் கடிதம் கண்டேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் முக்கியம். சைக்கிள்காரருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதவும் சைக்கிளும் போனால் போகிறது, அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன். நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. எல்லோருக்கும் நடப்பதுதான். வண்டி ஓட்டாவிட்டால் என்ன குறைந்துவிடும்? வாடகை வண்டி இருக்கிறது. ஒருமுறை கண்ணைக் காட்டிப் பார்ப்பதும் நல்லது.

குழாய் சொட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, எந்த இடத்தில்? வாயிலா, கழுத்திலா? இறுக்கித் திருப்பினால் நிற்கிறதா, இல்லை இறுக்கினால் அதிகமாகிறதா? எப்போதிருந்து? யாராவது அதில் கை வைத்தார்களா? விவரமாக எழுது, என்ன வாஷர் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

வேளைக்குத் தூங்கு.

உன்னவன்


ஏப்ரல் 9

அத்தானுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. நீங்கள் நலமா?

ஒரு மாதமாக உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அக்கா தப்பு மிதி மிதிக்கவில்லை. அவள் கால் எப்போதும் போலத்தான் மிதித்தது, வண்டிதான் எப்போதும் போல இல்லை. பெடல் இறுகியிருந்ததால் முதலில் நகரவில்லை, அவள் சேர்த்து மிதித்தாள், பாய்ந்துவிட்டது. அந்தப் பாய்ச்சலை எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள்தானே சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அவள் இடித்த அன்று சாயங்காலமே பின்னை எடுத்து வெளி ஓட்டையில் மாட்டிவிட்டேன். இனி யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்றுதான் மாற்றினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். மெக்கானிக் பார்ப்பதற்குள் மாற்ற வேண்டும் என்றுதான் கை ஓடியது. மறுநாள் அவர், வண்டியில் ஒரு குற்றமும் இல்லை என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் பக்கம் பேசுவதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பின். அதையும் நான் வாயடைத்துவிட்டேன்.

என்ன செய்யட்டும்? சொல்லுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 27

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். முதுகு பரவாயில்லை.

உன் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். நீ சின்னப் பையனில்லை, நிதானமாக யோசி. உன் அக்கா இப்போதுதான் ஒருவழியாக ஆறியிருக்கிறாள். இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நீ மாட்டினாய், ஓட்டையைக் காட்டியவன் நான். தம்பியும் புருஷனும் சேர்ந்து இப்படிச் செய்தார்கள் என்றால் அவள் யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்? ஜூனில் நான் வருகிறேன். நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே.

இங்கே புதிதாக ஒரு வண்டி வந்திருக்கிறது. ஆறு சிலிண்டர். சீட்டெல்லாம் தோல். ஒருமுறை ஓட்டினேன். நன்றாக இருந்தது. நீ ஏன் இப்போதெல்லாம் வண்டியைப் பற்றி எழுதுவதே இல்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


மே 12

என்னங்க,

நலம்தானே? வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நீங்கள் வருவதற்குள் சரியாகிவிட வேண்டும் என்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போன வாரம் நம் வண்டியை எடுத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எங்கேயோ ஒரு மூலையில், வண்டியில்தான் ஏதாவது இருக்கும், இன்றைக்கு அது தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அதே மேட்டுக்குப் போனேன். நிறுத்திக் கிளம்பினேன். எப்போதும் போல மெதுவாக, மெத்தென்று ஏறியது. ஒரு குறையும் இல்லை.

அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். ஆசிரியர், "நல்லாத்தானேம்மா ஓட்டினீங்க, ஏன் அழறீங்க?" என்றார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? வண்டி அப்படியேதான் இருக்கிறது என்றால் அன்றைக்குப் பாய்ந்தது நான்தான். என் காலை நானே நம்ப முடியாது என்றால் அடுத்த முறை அந்த ஓரெட்டு விலக யாரும் இருக்க மாட்டார்கள். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

உங்களிடம் சொல்லாமல் கண் டாக்டர், எலும்பு டாக்டர் என்று பார்த்து, கடைசியில் நரம்பு டாக்டரிடமும் போய் வந்தேன். கையை நீட்டச் சொன்னார், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை என்கிறார். ஒன்றும் இல்லை என்றால் அது இன்னும் பயமாக இருக்கிறது.

விடுதி வேலை கைவிட்டுப் போய்விட்டது. கம்பியையும் துணியையும் வாடகை வண்டியில் ஏற்றி இறக்கினால் கட்டுப்படியாகாது. ரெடிமேட் கடையில் ஓரம் மடித்துத் தைக்கிற வேலைக்குப் போகிறேன். ஜூன் கடைசியோடு லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. நீங்கள் வந்ததும் வண்டியை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். குழாயைத் தம்பியே சரிசெய்துவிட்டான்.

உங்கள் தையல்


மே 15

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, மன்னிக்கவும்.

அக்கா ஓட்டக் கிளம்பியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலை வாரி, பொட்டு வைத்து, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரிப் போனாள். திரும்பி வரும்போது வண்டியை அந்த ஆசிரியர் ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் ரொம்ப நேரம் கழித்து நடந்து வந்தாள். என்னைப் பார்த்து, "வண்டி நல்லாத்தாண்டா இருக்கு" என்றாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கழுத்திலேயே இருக்கிறது.

மேஜைமேல் கரண்டியை எடுக்கும்போதும் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே எடுக்கிறாள். புது வண்டிகளில் உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருக்கிறது.

லைசென்ஸுக்கு ஜூன் கடைசிதான் கெடு என்கிறாள். உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், சீக்கிரம் வாருங்கள். இல்லையென்றால் என்னைச் சொல்ல விடுங்கள்.

மச்சான்


ஜூன் 1

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலம் அறிய ஆவல்.

லீவு தள்ளிப் போய்விட்டது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை அதிகம் இருக்கிறது. கொட்டகைக்கு வேறு ஆள் இல்லை என்கிறார்கள். செப்டம்பரில் வரலாம் என்று பார்க்கிறேன். உன் அக்காவுக்கும் எழுதியிருக்கிறேன்.

லைசென்ஸ் போனால் போகட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அவசரப்படாதே.

அத்தான்


ஜூன் 10

அக்கா,

நலமாக வந்து சேர்ந்தேன். துறைமுக யார்டில் கப்பலிலிருந்து வண்டிகளை இறக்குகிற வேலை, இரண்டு வாரம் ஆகும். சாப்பாடு பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததே இதை எழுதத்தான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

அன்றைக்கு வண்டி பாய்ந்ததற்குக் காரணம் நீ இல்லை, நான். வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசையில் முந்தின நாள் ஆக்ஸிலரேட்டர் கேபிளை, அதன் லீவரில் இருக்கிற உள் ஓட்டைக்கு மாற்றி மாட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ இடித்த அன்று சாயங்காலம் திரும்பப் பழையபடி வெளி ஓட்டையிலேயே மாட்டிவிட்டேன். அதனால்தான் மெக்கானிக்கும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, மே மாதம் நீ ஓட்டிப் பார்த்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. உன் கால் சரி, கை சரி, வயது சரி. எல்லாம் சரி. நான்தான் சரியில்லை.

மூன்று மாதமாக உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எப்படித் தொண்டையில் இறங்கியது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. லைசென்ஸை மட்டும் புதுப்பித்துவிடு.

இதெல்லாம் நானாகச் செய்தது. அத்தானுக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி


ஜூன் 19

என்னங்க,

நான் நலம். கை, கால், கண் எல்லாம் நலம் என்று இப்போது தைரியமாக எழுதலாம். உங்கள் முதுகு எப்படி? மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை அதிகம் என்று எழுதியிருந்தீர்கள், குனிந்து நிமிரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கடிதம் வந்தது. கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். முதலில் கோபம் வரவில்லை. இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம்தான் அழுகை. கோபம் மறுநாள் வந்தது, இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் எழுதியிருக்கிறான். பாவம், அவனுக்குப் பூசி மெழுகவும் வராது. பானெட்டைத் திறந்து வைத்தால் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று தெரியாதவன் லீவர், உள் ஓட்டை, வெளி ஓட்டை என்று எழுதுகிறான். அதெல்லாம் யாருடைய பேச்சு என்று எனக்குத் தெரியாதா? உங்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அப்புறம் உங்கள் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு குழாய் சொட்டியதற்கு வாயா கழுத்தா, எப்போதிருந்து, யார் கை வைத்தார்கள் என்று அத்தனை கேள்வி. உங்கள் வண்டி ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்ததற்கு ஒரு கேள்வி இல்லை. எந்த கியர், எவ்வளவு மிதித்தாய், என்ன சத்தம் வந்தது, ஒன்றும் இல்லை. அடுத்த தெருவில் யாரோ வண்டியை இடித்தால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிற மனுஷன் நீங்கள். கண்ணைக் காட்டிப் பார் என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரிக்காக நான் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த இரண்டு ஓட்டைகளையும் காட்டச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அம்மா, அன்னைக்கு நான் ஏதோ வாய் தவறி..." என்று இழுத்தார். "அதை அப்புறம் பேசிக்கலாம், இப்ப உள்ள மாட்டுங்க" என்றேன். பழைய மில் மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். முதலில் தவளை மாதிரித் துள்ளியது. விரலால் ஊசியை அழுத்துகிற மாதிரி மிதிக்க வேண்டும் என்று புரிந்தது. ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான். என் கால் பழகிவிட்டது. 'மாத்தியிருக்கோம், பார்த்து மிதி' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு காலைப்பொழுதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

நன்றாகத்தான் பறக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக உங்களை மன்னிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பின் இப்போது எந்த ஓட்டையில் இருக்கிறது என்று நீங்களும் கேட்க வேண்டாம், அவனும் கேட்க வேண்டாம்.

எது உசத்தியான வண்டி என்று நீங்கள் இருவரும் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள். உங்கள் இருவரையும்விட அதிகம் ஓட்டியவள் நான். என்னை ஒருநாள் கேட்டதில்லை. சரி, போகட்டும்.

லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன். விடுதிக்காரரிடம் போய்ப் பேசினேன். கீழ்த்தள ஜன்னல்களை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம், மேல்தளங்கள் மீதி இருக்கின்றன, செய் என்றார்.

செப்டம்பர் வேண்டாம். இந்த மாதக் கடைசியில் புறப்பட்டு வாருங்கள். கொட்டகைக்கு வேறு ஆள் இருக்கிறதா இல்லையா என்பதை நான் உங்கள் இஞ்சினியருக்கே எழுதிக் கேட்டுக்கொள்வேன். தம்பியையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த மூன்று மாதத்தில் நான் நிறையப் பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். சைக்கிள்காரர், மருந்துக்கடைக்காரர், பயிற்சிப் பள்ளி ஆசிரியர், விடுதிக்காரர். நான் செய்யாத தப்புக்கு அவர்கள் எல்லோரும் என்னைப் பெரிய மனதோடு மன்னித்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து நேராக ஒவ்வொரு வாசலுக்கும் போகிறோம். நீங்களும் தம்பியும் இறங்கிப் போய், யார் என்ன செய்தது என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். நான் இறங்க மாட்டேன். இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் தையல்